காணாமல் போன நாற்பத்தைந்து பவுண்டு

மெர்ல் ஹாஸ்டெட்லரின் காரில் எந்த எஞ்சின் இருக்க வேண்டும் என்பதை என் தராசு சொல்லட்டும் என்று ஏற்பாடாகியிருந்தது. குளிர்காலம் முழுக்கத் தன் கையால் பூட்டிய பெரிய பிளாக் எஞ்சினை அவன் வைத்துக்கொள்ளலாமா, இல்லை அதைக் கழற்றி விற்றுவிட்டுப் பழைய சின்ன பிளாக்கையே திரும்ப மாட்ட வேண்டுமா? தராசு எப்படிச் சொல்கிறதோ அப்படியே செய்வதாக மனைவி லவோனிடம் வாக்குக் கொடுத்திருந்தான். வாக்குக் கொடுத்த நாளிலிருந்து அவனுக்குத் தூக்கம் சரியில்லை.

என் பெயர் கில். கடைகளில் இருக்கும் தராசுகளையும் பெட்ரோல் பங்க்குகளில் ஊற்றும் அளவையும் சோதித்து முத்திரை ஒட்டுவது என் உத்தியோகம். எங்கள் ஊர் மேன்ஸ்ஃபீல்டைச் சுற்றி இறைச்சிக் கடை வைத்திருக்கும் எவருக்கும் என்னைப் பிடிக்காது. சொந்தப் பணத்தில் நான் வாங்கிய ஒரே ஆடம்பரம், கார்களை எடை போடும் தராசு. நாலு சக்கரத்துக்கு நாலு தட்டு. ஒவ்வொரு தட்டுக்குள்ளும் ஓர் உலோகத் துண்டு உண்டு. சக்கரம் ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும்; அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பி நீளும்; நீண்ட கம்பியில் மின்சாரம் கொஞ்சம் சிரமப்பட்டு ஓடும். அந்தச் சிரமத்தை ஒரு சின்னப் பெட்டி படித்து எண்ணாக்கிக் காட்டுகிறது. ஒரு குளிர்பான டப்பாவை பானெட் மேல் வைத்தால்கூட எண் மாறும். இதைப் பல வருடமாகப் பார்த்துவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை.

எஞ்சின் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். பிளாக் என்பது எஞ்சினின் உடம்பு. எட்டு சிலிண்டர்களையும் குடைந்து எடுத்த ஒரே வார்ப்பிரும்புக் கட்டி. நாலு சிலிண்டர் இந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், நாலு அந்தப் பக்கம். சின்னது, பெரியது என்று பெயர் வைத்திருப்பது பலத்தைப் பார்த்து என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, வார்ப்பின் பருமனைப் பார்த்து. ஒரு சிலிண்டருக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். இடம் அதிகம் இருந்தால் சிலிண்டரை அகலமாகக் குடையலாம். ஒரே மூச்சில் நிறையக் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும். ஆக்ஸிலரேட்டரில் காலை வைத்த கணமே முறுக்குவிசை வந்து முதுகில் அறையும். அது பெரிய பிளாக். சின்ன பிளாக் அவ்வளவு இழுக்காது, ஆனால் எடை குறைவு. எடை குறைவென்றால் மூக்கு லேசு. மூக்கு லேசென்றால் வளைவில் கார் சொன்ன பேச்சைக் கேட்கும்.

எங்கள் கிளப்பில் எல்லோரிடமும் இருப்பவை நகல்கள். அறுபதுகளில் வந்த கோப்ரா என்ற கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் காரின் நகல்கள். அசலை வாங்க வேண்டுமானால் நம் வீட்டோடு பக்கத்து வீட்டையும் விற்றாக வேண்டும். ஆகவே இரும்புக் குழாய்ச் சட்டத்தையும் ஃபைபர் உடம்பையும் பெட்டி பெட்டியாக வரவழைத்து நாங்களே பூட்டிக்கொள்கிறோம். எஞ்சின் மட்டும் பெட்டியில் வராது. அதை அவரவர் தேடிக்கொள்ள வேண்டும். சண்டை அங்கேதான் தொடங்கும்.

மெர்ல் வீட்டில் அந்தச் சண்டை கணவன் மனைவிக்குள்ளேயே நடந்தது. லவோன் சும்மா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறவள் இல்லை. மாவட்டப் பொருட்காட்சி மைதானத்தில் கூம்புகளை நிறுத்தி, நேரம் குறித்து, வளைத்து வளைத்து ஓட்டுவோமே, அதில் எங்கள் எல்லோரையும்விட வேகமானவள் அவள்தான். அதுவும் சின்ன பிளாக்கை வைத்துக்கொண்டு. மெர்லுக்கு நேரமெல்லாம் முக்கியமில்லை. நின்ற இடத்தில் உறுமும்போது காதுக்கு முன்னால் நெஞ்சுக்கு வந்து சேரும் அந்தச் சத்தம் வேண்டும் அவனுக்கு.

லவோன் போட்ட நிபந்தனை நியாயமானது. முன் சக்கரங்களின் மேல் மொத்த எடையில் பாதிக்கு மேல் விழக் கூடாது. விழுந்தால் பெரியது வெளியே. மெர்ல் அதில் ஒரு சலுகை கேட்டு வாங்கினான்: அவன் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எடை போட வேண்டும். விஷயம் தெரிந்துதான் கேட்டான். இந்தக் காரில் ஓட்டுநர் பின் அச்சுக்குச் சற்று முன்னால்தான் உட்காருகிறார். அவர் கனத்தில் பெரும்பகுதி பின் சக்கரத்துக்குப் போகும். மெர்ல் கனமான ஆள். பின்னால் எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு அவனுக்கு லாபம்.

அக்டோபரில், சின்ன பிளாக் இருந்தபோதே ஒருமுறை எடை போட்டிருந்தோம். மெர்லோடு சேர்த்து 2525 பவுண்டு. அதில் அவன் பங்கு 235. பெரிய எஞ்சின் தன் பரிவாரத்தோடு சின்னதைவிட 190 அதிகம் என்பதையும் கொக்கித் தராசில் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டோம். கூட்டினால் 2715 வர வேண்டும். முன்பின் பிரித்துக் கணக்குப் போட்டால் பின்பக்கம் பதினோரு பவுண்டு அதிகம். மயிரிழையில் மெர்ல் ஜெயிக்கிறான். இந்த எண்கள் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். குளிர்காலம் முழுக்க வேறென்ன பேசினோம்?

ஏப்ரல் மாதச் சனிக்கிழமை காலை, மெர்லின் கேரேஜில் கூடினோம். வெளியே இன்னும் உறைபனி. மெர்ல் பஞ்சு வைத்த கனத்த வேலையுடையைக் கழுத்து வரை இழுத்துப் பூட்டியிருந்தான். நவம்பரிலிருந்து அவனை நாங்கள் வேறு உடையில் பார்த்ததில்லை. நான் தட்டுகளுக்கு அடியில் ஓடுகளை வைத்துத் தரையைச் சமன் செய்துகொண்டிருந்தபோது கர்ட் டோனட் பெட்டியோடு வந்தான். கூரை போடும் வேலை செய்கிறவன். சின்ன பிளாக் கட்சியின் கொடிபிடிப்பவன். சர்க்கரை நோயாளி. டோனட்டைத் தொடுவதற்கு முன் விரலைக் குத்திச் சின்ன மீட்டரில் பார்த்துக்கொண்டான்.

"பாதி தின்னலாம்னு சொல்லுது. மீதிப் பாதி இன்னைக்கு ஜெயிக்கப் போற சந்தோஷத்துக்கு."

"வாயை மூடிக்கிட்டு தின்னுடா," என்றான் மெர்ல். அவன் கையில் ரூட் பீர் டப்பா. பெயரில்தான் பீர், குடித்தால் வெறும் இனிப்பு. காலையிலிருந்து ஒன்று மாற்றி ஒன்றாக உடைத்துக்கொண்டிருந்தான். "கில், டேங்க்கை நிரப்பிட்டேன். அக்டோபர்லயும் முழு டேங்க்தான். சரியா?"

"சரி. டயர் காத்து?"

"நீயே பாத்துக்கோ. எனக்கு அந்த முள்ளு சரியாத் தெரியல. கண்ணாடி மாத்தணும்."

பார்த்தேன். சரியாக இருந்தது. அதற்குள் அவன் மறுபடி கேரேஜை அடுத்த கொட்டகைக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டு வந்தான்.

"என்னடா, உன் டேங்க்ல ஓட்டையா?" என்றான் கர்ட். "பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போற. எடையைக் குறைச்சு ஜெயிக்கலாம்னு பாக்கறியா?"

"அறிவாளி, என் எடை குறைஞ்சா எனக்குத்தான்டா நஷ்டம்."

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

லவோன் ஓட்டும்போது போடும் மெல்லிய காலணியோடு கேரேஜுக்குள் வந்தாள். "என்ன, ஆரம்பிக்கலாமா? மத்தியானம் அந்த இரும்பை விளம்பரம் போட்டு வித்துடணும் எனக்கு."

"விக்கற முகத்தைப் பாரு," என்றான் மெர்ல். "கொஞ்ச நேரத்துல இதே முகம் எனக்கு சாண்ட்விச் போட்டுக் குடுக்கும்."

காரைத் தட்டுகளின் மேல் ஏற்றினோம். மெர்ல் உள்ளே ஏறினான். இந்தக் காரில் ஏறுவது ஒரு வித்தை. புகைக்குழாய் பக்கவாட்டில், கதவுக்குக் கீழேயே ஓடுகிறது. ஓடி நின்ற காரிலிருந்து அசட்டையாக இறங்கினால் கெண்டைக்கால் குழாயில் பட்டு வெந்துபோகும். அதற்கு எங்கள் பாஷையில் பாம்புக்கடி என்று பெயர். கடி வாங்காதவன் காரை ஓட்டியதாகவே நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை. மெர்ல் அக்டோபரில் தன் முதல் ஓட்டத்திலேயே இடது காலில் வாங்கினான். அன்று அவனுக்குக் கைதட்டி, தோளில் தூக்காத குறை. குளிர்காலத்தில் எப்போது கேட்டாலும் கால்சட்டையைத் தூக்கிக் காயத்தின் துணிக்கட்டைக் காட்டுவான். "இன்னும் காயலடா, நல்ல கடி," என்பான் பெருமையாக. நாங்களும் பொறாமையோடு பார்ப்போம்.

இப்போது அவன் காலை மெதுவாகத் தூக்கி உள்ளே வைத்து உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. தோள்பட்டை வார்களை நான் இழுத்துப் பூட்டினேன். இறுக்கிய பிறகு மிச்ச வார் வெளியே தொங்கும். அக்டோபரில் ஒரு விரலளவு தொங்கியது. இப்போது வயிறு வரை தொங்கியது.

"நீ வாரைக் கழட்டிப் போட்டப்ப தளர்த்தி விட்டியா?" என்று கேட்டேன்.

"இல்லியே. புது வார் கொஞ்ச நாள் போனா நீளும்."

வார் அவ்வளவு நீளாது. அது எனக்குத் தெரியும். ஆனால் என் கவனமெல்லாம் பெட்டியில் இருந்தது. காரின் நாலு மூலையையும் அமுக்கி அமுக்கி விட்டேன். ஸ்பிரிங்குகள் தம் இடத்துக்கு வந்து உட்கார வேண்டும். பிறகு பொத்தானை அழுத்தினேன்.

முன்பக்கம் 1343. பின்பக்கம் 1327.

கர்ட் டோனட்டை வாயில் வைத்துக்கொண்டே ஆடினான். "பாதிக்கு மேல! பாதிக்கு மேல! மூக்கு கனம்! வெளியே எடு இரும்பை!"

மெர்லின் முகம் சுருங்கிவிட்டது. "பதினோரு பவுண்டு பின்னால அதிகம் வரணும் கில். இங்க பதினாறு முன்னால அதிகம் வருது. எப்படி?"

நான் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 2670. வர வேண்டியது 2715. இன்னொரு முறை கூட்டினேன்.

"நாப்பத்தஞ்சு பவுண்டு குறையுது," என்றேன்.

"எங்க குறையுது?"

"அதிகமா பின்னாடி. முன்னாடி ஒன்பதுதான் குறையுது. பின்னாடி முப்பத்தாறு."

கர்ட் ஆட்டத்தை நிறுத்தினான். "டேய், எதையோ கழட்டிட்டான் இவன். ஸ்டெப்னி இருக்கா பாரு."

"ஏன்டா, பின்னாடி கழட்டினா நான்தான தோப்பேன்? எனக்கென்ன பைத்தியமா?" என்றான் மெர்ல். பிறகு என் பக்கம் திரும்பினான். "உன் தராசு பொய் சொல்லுது கில்."

என்னை வேறு எப்படித் திட்டியிருந்தாலும் பொறுத்திருப்பேன். வேனுக்குப் போய் அரசாங்க முத்திரை போட்ட வார்ப்பிரும்பு எடைக்கற்களைத் தூக்கி வந்தேன். ஒவ்வொன்றும் ஐம்பது பவுண்டு; அதில் ஒரு கீறல் விழுந்தால்கூட அறிக்கை எழுத வேண்டும் நான். காரை உயர்த்தி, ஒவ்வொரு தட்டிலும் கல்லை வைத்துக் காட்டினேன். ஐம்பது. ஐம்பது. ஐம்பது. ஐம்பது. பின் தட்டுகளை முன்னுக்கும் முன் தட்டுகளைப் பின்னுக்கும் மாற்றிப் போட்டு, காரை இறக்கி மறுபடி அளந்தேன். அதே எண்கள்.

இத்தனைக்கும் மெர்ல் சீட்டை விட்டு இறங்கவில்லை. "ஏறி இறங்கித் தெம்பில்ல. நீங்க பாருங்க. லவோன், இன்னொரு டப்பா குடேன்," என்றான். அவள் கொடுத்தாள். பெட்டியில் எண் ஒரு பவுண்டு ஏறியது. அவன் மடமடவென்று குடித்து முடித்தான். எண் அப்படியே நின்றது. டப்பாவில் இருந்த கனம் அவன் வயிற்றுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த நிலையிலும் அதைப் பார்த்து எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

காணாமல் போன நாற்பத்தைந்து பவுண்டைத் தேடினோம். ஸ்டெப்னி இருந்தது. ஜாக்கி இருந்தது. பேட்டரி அதே பேட்டரி. பெட்ரோல் டேங்க் விளிம்பு வரை நிறைந்திருந்தது. குச்சி விட்டுப் பார்த்தேன். கர்ட் டார்ச்சோடு காருக்கு அடியில் புகுந்து பின் அச்சைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"அச்சுக் கூட்டுக்குள்ள ஆயில் ஊத்தாம விட்டிருப்பானோ?"

"நாப்பத்தஞ்சு பவுண்டு ஆயிலா? குளிக்கலாம்டா அதுல," என்றாள் லவோன். அவள் டிக்கியில் பாதி உடம்பை நுழைத்துத் தேடிக்கொண்டிருந்தாள். "மெர்ல், கொஞ்சம் இறங்கு. சீட்டுக்குப் பின்னாடி ஒரு இரும்புத் தகடு இருக்கும், அது இருக்கான்னு பாக்கணும்."

மெர்ல் வாரைக் கழற்றிவிட்டு, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். இடது காலைக் குழாய்க்கு மேல் தூக்கும்போது பல்லைக் கடித்தான். தரையில் நின்றான்.

நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்கள் கொஞ்சம் துள்ளி, பிறகு நின்றன.

2480.

அக்டோபரில் ஆளில்லாத கார் 2290. அதோடு எஞ்சினுக்காக 190. மொத்தம் 2480. ஒரு பவுண்டு கூடவில்லை, குறையவில்லை. கார் எதையும் தொலைக்கவில்லை.

"என்ன காட்டுது?" என்று காருக்கு அடியிலிருந்து கர்ட் கத்தினான்.

எண்ணைப் பார்த்தேன். மெர்லைப் பார்த்தேன். மறுபடி எண்ணைப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கழித்தல் கணக்குப் போட்டே பிழைக்கிறேன். இந்த ஒரு கழித்தலை மனம் போட மறுத்தது.

"கில்? என்னடா?"

லவோன் வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. "கார் சரியாத்தான இருக்கு," என்றாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள். "அப்படின்னா... மெர்ல்? நீ நூத்தித் தொண்ணூறா?"

"என்ன உளர்ற? நான் இருநூத்தி முப்பத்தஞ்சு. எப்பவும் அதான்."

அவள் நேரே அவனிடம் போய் வேலையுடையின் ஜிப்பைக் கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே இழுப்பில் இறக்கினாள். உள்ளே சட்டை ஆணியில் மாட்டியது மாதிரி தொங்கியது. காறையெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. பெல்ட்டில் ஆணியால் குத்திய புதுத் துளைகள். பெல்ட் நுனி முதுகுப்பக்கம் வரை சுற்றிப் போயிருந்தது. பஞ்சு உடைக்குள்ளே எங்கள் மெர்ல் பாதியாக இருந்தான்.

"அந்த எஞ்சினைத் தூக்கித் தூக்கித்தான் இளைச்சன்னு நினைச்சேன்," என்றாள் லவோன். அவள் குரல் அவளுடையது மாதிரி இல்லை. "நல்லதுக்குத்தான்னு நினைச்சேன். போன மாசம் பாராட்டக்கூடச் செஞ்சேனே மெர்ல்."

"பழைய பேண்ட்டெல்லாம் சேருது, அதுக்கென்ன இப்ப?" என்று மெர்ல் சிரிக்கப் பார்த்தான். எங்கள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

கர்ட் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்திருந்தான். தரையில் உருண்டுகிடந்த ரூட் பீர் டப்பாக்களைப் பார்த்தான். கொட்டகைப் பக்கம் பார்த்தான்.

"மெர்ல். தாகம் எடுக்குதா உனக்கு?"

"எடுக்கத்தான் செய்யுது. கேரேஜ்ல ஹீட்டர் ஓடுதில்ல."

"ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிக்கற?"

மெர்ல் லவோனைப் பார்த்தான். லவோன் சொன்னாள்: "நாலு, அஞ்சு."

"விரலைக் குடு."

"டேய், உனக்கு இருந்தா எல்லாருக்கும் இருக்கணுமா?"

"விரலைக் குடுடா!" கர்ட் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. மெர்லின் கையைப் பிடித்து இழுத்துக் குத்தினான். ரத்தத் துளியைப் பட்டையில் தொட்டு வைத்தான். மீட்டர் யோசித்தது. எண் எதுவும் வரவில்லை. 'ஹை' என்று மட்டும் காட்டியது.

"அப்படின்னா?" என்றேன்.

"இதுக்கு மேல எனக்கு எண்ணத் தெரியாதுன்னு மீட்டர் சொல்லுது," என்றான் கர்ட்.

அளக்கும் கருவி ஒன்று அளக்க மாட்டேன் என்று கைவிரித்து நான் பார்த்தது அன்றுதான். மீட்டர் பழுதோ என்றேன், பழக்கதோஷத்தில். கர்ட் தன் விரலையே மறுபடி குத்தினான். அவனுக்கு நூற்று நாற்பது காட்டியது. புதுப் பட்டை எடுத்து மெர்லுக்கு இன்னொரு முறை பார்த்தான். ஹை.

"தினமும் குத்திக்கறேன்," என்றான் கர்ட். "பத்து வருஷமா எனக்கு இதேதான். இவன் தண்ணி குடிக்கறதையும் ஓடறதையும் பாத்து ஜோக் அடிச்சுக்கிட்டு இருந்தேனே."

அப்போதுதான் எனக்கு அந்தக் கால் ஞாபகம் வந்தது. யாரும் சொல்லாமலே லவோனுக்கும் வந்திருக்க வேண்டும். அவள் குனிந்து அவன் இடது கால்சட்டையை மேலே சுருட்டினாள். கட்டைப் பிரித்தாள். முதலில் வாடை வந்தது. பிறகு பார்த்தோம். அக்டோபரில் உள்ளங்கை அளவு சிவந்திருந்த இடம் இப்போது நடுவில் குழிந்து, விளிம்பில் கறுத்திருந்தது. சுற்றியிருந்த தோல் பளபளவென்று வீங்கியிருந்தது. இதைத்தான் ஆறு மாதமாக நல்ல கடி, நல்ல கடி என்று மெச்சிக்கொண்டிருந்தோம்.

"வலிக்கலியா?" என்றாள்.

"பாதத்துல அவ்வளவா உணர்ச்சி இல்ல. பூட்ஸ் இறுக்கம்னு நினைச்சேன்." பிறகு மெர்ல் என்னைப் பார்த்து, மெதுவாகக் கேட்டான்: "கில், தராசு நிஜமாவே சரியா?"

"சரிதான் மெர்ல்."

லவோனின் பிக்கப் வண்டியில் அவனை ஏற்றினோம். அவள் ஓட்டினாள். கூம்புகளுக்கு நடுவே அவள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அன்று காலை மருத்துவமனைக்குப் போன வேகத்துக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை. வழியெல்லாம் மெர்ல் திரும்பித் திரும்பிச் சொன்னது ஒன்றுதான்: "வண்டியைத் தராசிலயே விட்டுட்டு வந்துட்டோமே. டயர் ஒரு பக்கம் தட்டையாயிடும்."

அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் கேட்டாள்: "எடை?"

"இருநூத்தி முப்பத்தஞ்சு," என்றான் மெர்ல்.

"நூத்தித் தொண்ணூறு," என்றோம் நாங்கள் மூவரும்.

அவர்கள் கட்டிலிலேயே தராசு இருந்தது. வேலையுடையையும் பூட்ஸையும் கழற்றியிருந்ததால் அது நூற்று எண்பத்தொன்று காட்டியது. நாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததைவிட அவன் இன்னும் குறைவு. அக்டோபரில் அவன் வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கனத்த உடையின் எடை கூடியிருந்தும் நாற்பத்தைந்து குறைந்திருக்கிறது.

சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்தாள். ரத்தத்தில் சர்க்கரை வழிந்துகொண்டிருந்தும் உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை, அதனால் சொந்தச் சதையையும் கொழுப்பையும் எரித்துக்கொண்டிருந்திருக்கிறது என்று விளக்கினாள். டேங்க் நிறைய பெட்ரோல். ஆனால் எஞ்சினுக்குப் போகும் குழாய் அடைப்பு. வேறொரு நாளாக இருந்தால் இந்த விளக்கத்தை நான் ரசித்திருப்பேன். அமிலம் ஏறி ரத்தமே புளிக்க ஆரம்பித்துவிட்டது, இன்னும் சில நாள் விட்டிருந்தால் மயக்கத்தில் கண்டெடுத்திருப்பீர்கள் என்றாள். காலைச் சுத்தம் செய்துவிட்டார்கள்; தொற்று எலும்பை எட்டவில்லை; கால் இருக்கும் என்றுதான் நம்புகிறேன், ஆனால் இன்னும் உறுதி சொல்ல மாட்டேன் என்றாள்.

"இவ்வளவு நாள் விட்டுட்டு இன்னைக்கு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"காரை எடை போட்டோம்," என்றான் கர்ட்.

அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். நான் விளக்க ஆரம்பித்தேன். நாலு தட்டு, வளையும் உலோகம், முன்பக்கம், பின்பக்கம், ஓட்டுநர் எங்கே உட்காருகிறார் என்பது. ஓட்டுநரின் எடை என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன்.

மறுநாள்தான் மெர்லைப் பார்க்க விட்டார்கள். இரண்டு கையிலும் குழாய். கண்ணில் மட்டும் பழைய ஆள் தெரிந்தான்.

"சரி சொல்லு," என்றான். "முடிவு என்ன?"

நான் லவோனைப் பார்த்தேன். அவள் ராத்திரி முழுக்க அந்த நாற்காலியிலேயே இருந்திருக்கிறாள்.

"முன்பக்கம் பதினாறு அதிகம்," என்றாள். "நீ தோத்துட்ட."

"என் நாப்பத்தஞ்சு இருந்திருந்தா ஜெயிச்சிருப்பேன்."

"அப்ப அதைக் கொண்டு வந்து சீட்ல வை." அவள் அழவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் பிடித்துப் பிடித்துத்தான் வெளியே விட்டாள். "நீ வந்து உக்காந்து சரியா அளக்கற வரைக்கும் அந்த எஞ்சினை எவனும் தொடக் கூடாது. கர்ட், உன்னையும்தான் சொல்றேன்."

"நான் தொடல தாயே," என்றான் கர்ட்.

"கில், தட்டையும் எடுத்துடாத. அப்படியே இருக்கட்டும்."

அன்று மாலை, கதவைப் பூட்டிவிட்டு வருமாறு லவோன் சாவியைக் கொடுத்தனுப்பினாள். கேரேஜில் எல்லாம் நாங்கள் விட்டுப்போனபடியே கிடந்தது. டோனட்டுகள் காய்ந்திருந்தன. கார் நாலு தட்டின் மேல் நின்றது. அவசரத்தில் பெட்டியை அணைக்காமல் போயிருக்கிறேன். பேட்டரி இன்னும் இருந்தது. சீட்டில் வார்கள் நீளமாகத் தொங்கின. திரையில் 2480.

அணைத்தேன். பிறகு தரையில் உருண்டுகிடந்த ரூட் பீர் டப்பாக்களைப் பொறுக்க ஆரம்பித்தேன். காரைச் சுற்றி, வேலை மேசைக்கு அடியில், ஹீட்டருக்குப் பின்னால், எஞ்சின் ஸ்டாண்டு நின்ற மூலையில். எண்ணிக்கொண்டேதான் பொறுக்கினேன். எதையும் எண்ணுவது என் பழக்கம். குப்பைப்பை நிறைந்தது. மூலையில் இன்னும் இருந்தன. எண்ணுவதை நிறுத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.